நாற்பத்து நான்கிலும் நின்றாடிய நங்கை

மாலை வெயில் தணியும் வேளையிலே, கிளிநொச்சியிலாயினும் முல்லைத்தீவிலாயினும் வவுனியாவிலாயினும், ஏதேனுமொரு பாடசாலை மைதானத்தின் ஓரமாக நடந்து பாருங்கள். செம்மண் தரையிலே சுண்ணாம்புக் கோடுகள் இடப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் உயர்ந்த இரும்புத் தூண்கள்; அவற்றின் உச்சியிலே ஒரு வளையம்; வளையத்திலே தொங்கும் வலை. மார்பிலே ஆங்கில எழுத்துப் பட்டி அணிந்த பெண்பிள்ளைகள் பந்தை ஏந்துவதும் எறிவதுமாக ஓடிக்கொண்டிருப்பர். வலைப்பந்தாட்டம் நம் பாடசாலைப் பெண்பிள்ளைகளின் ஆட்டம். இதனை வாசிக்கும் தாய்மார் பலருக்கும் இளமைக்கால ஆட்டம் இதுவாகவே இருந்திருக்கும்.

அப்பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எம் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுவதுண்டு. இவர்களுள் எத்தனை பேர் இருபது வயதிலும் ஆடிக்கொண்டிருப்பர்? முப்பதிலே எத்தனை பேர்? நாற்பதிலே ஒருத்தியாவது இருப்பாளா?

"நாற்பதிலே ஆட்டமா? பிள்ளை குட்டியைப் பார்ப்பதற்கே நேரம் போதாது!" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவரை நாம் குறை கூறோம். ஆயினும், நாற்பதைத் தாண்டியும் களத்திலே நின்ற இருவரின் வரலாற்றை இன்று கூற விரும்புகின்றோம். ஒருவர் பனிநாட்டவர். மற்றவர் நம் அயலிலே, யாழ்ப்பாண மண்ணிலே பிறந்தவர்.

பனிக்கட்டியின் மேல் ஒரு வாழ்வு

கனடாவிலே உற்றார் ஒருவரேனும் இல்லாத குடும்பம் வன்னியிலே அரிது. அங்கு பிறந்து வளரும் எம்மவரின் பிள்ளைகள் மிக விருப்புடன் பார்க்கும் ஆட்டம் ஐஸ் ஹொக்கி. உறைந்த பனிக்கட்டித் தளத்தின் மேல், அடியிலே கத்தி போன்ற உருக்குத் தகடு பொருத்திய சப்பாத்துகளை அணிந்து, அணிக்கு 6 பேராக வழுக்கி ஓடுவர். கையிலே வளைந்த நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாகத் தட்டையான இறப்பர் வட்டு. வேகமும் மோதலும் மிகுந்த ஆட்டம் அது. பல் உடைவதும் எலும்பு முறிவதும் அங்கு வியப்பன்று.

இத்தகைய ஆட்டத்திலே ஒருவர் 52 வயது வரை ஆடினார் என்றால் நம்புவீர்களா? கோர்டி ஹவ் என்பது அவர் பெயர். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்திலே 1928 ஆம் ஆண்டு பிறந்தவர். 1946 இலே, தமது 18 ஆவது வயதிலே, அமெரிக்காவின் டெட்றோயிட் நகரத்து ரெட் விங்ஸ் அணியிலே தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 1950 இலே ஆட்டத்தின் நடுவே தளத்தைச் சூழ்ந்த பலகை வேலியிலே மோதித் தலையிலே கடுங்காயமுற்றார். மண்டையோட்டிலே சத்திரசிகிச்சை செய்தே அவர் உயிரைக் காத்தனர். அத்துடன் அவர் ஆட்டம் முடிந்தது எனப் பலரும் எண்ணியிருப்பர். அவரோ அடுத்த பருவத்திலேயே மீண்டு வந்து, லீக்கிலே மிகக் கூடிய புள்ளிகளைப் பெற்றார்.

1971 இலே ஓய்வு பெற்றார். ஓய்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1973 இலே ஹியூஸ்ரன் நகரத்து அணியிலே, தம் புதல்வர் இருவருடன் தோளோடு தோள் நின்று ஆட மீண்டும் களமிறங்கினார். தந்தையும் மைந்தரும் ஒரே சீருடையிலே நின்ற அக்காட்சியை இரசிகர்கள் கொண்டாடினர். 1980 இலே அவர் இறுதியாக விடைபெற்றபோது வயது 52. அக்கடைசிப் பருவத்திலும் அணியின் 80 ஆட்டங்களிலும் அவர் ஆடினார். தேசிய ஹொக்கி லீக்கிலே மட்டும் 1,767 ஆட்டங்கள், 801 கோல்கள். 2016 ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார்.

ஹவ் உடல்வலி மிக்கவர் என்பதிலே ஐயமில்லை. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அவர் பிறந்த நாட்டிலே குளிர்காலத்திலே உறைந்த குளமெல்லாம் ஆடுகளம். ஊருக்கு ஊர் கழகம் உண்டு. சிறுவர் அணியிலிருந்து தொழில்முறை அணிவரை ஏறிச்செல்லப் படிகள் உண்டு. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு குடும்பத்தைக் காக்க ஊதியமும் உண்டு. காயமுற்றவர் திரும்பி வந்தபோது, ஓய்வு பெற்றவர் மனம் மாறி வந்தபோது, அவருக்காக ஓர் அணி காத்திருந்தது.

இப்படிகள் எவையுமில்லாத ஒரு நாட்டிலே ஒருவர் நெடுங்காலம் ஆட இயலுமா? இதற்கு விடையாக நிற்பவரே தர்ஜினி சிவலிங்கம்.

ஈவினையின் உயர்ந்த பெண்

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையைச் சேர்ந்தவர் தர்ஜினி. 1979 ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். அதாவது 6 அடி 10 அங்குலம். நம் வீட்டு வாசல்களிலே பெரும்பாலானவற்றில் தலை குனிந்தே அவர் நுழைய வேண்டும்.

பெண்பிள்ளை சற்று உயர்ந்துவிட்டாலே நம்மவர் பேசும் பேச்சை நாம் அறிவோம். "இவளுக்கு மாப்பிள்ளையை எங்கே தேடுவது?" என்று உறவினர் கவலைப்படுவர். வகுப்பிலே கடைசி வாங்கு, வரிசையிலே கடைசி இடம், வழியிலே கேலிப்பெயர். அப்பிள்ளையும் தன்னைச் சிறிதாகக் காட்டிக்கொள்ளத் தோளைக் குறுக்கி, முதுகைக் கூனி நடக்கப் பழகிவிடுவாள். உயரத்தின் பொருட்டுக் கேலிக்கு ஆளானவர்களுள் தர்ஜினியும் ஒருவரே. மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கற்ற அவர், வலைப்பந்தாட்டத்தின் வழியாகத் தேசிய அணியை அடைந்தார். வீதியிலே கேலிக்குரியதாயிருந்த உயரம் களத்திலே பெரும்பேறாக மாறியது.

அஃது எவ்வாறு என்பதை அறிய, ஆட்டத்தின் விதிகளைச் சிறிது நோக்குதல் வேண்டும். வலைப்பந்தாட்டத்திலே அணிக்கு 7 பேர். ஒவ்வொருவருக்கும் இன்ன பகுதியிலேதான் நடமாடலாம் என்ற எல்லை உண்டு. மார்பிலே அணியும் எழுத்துப் பட்டி அதனையே குறிக்கும். வளையத்தை நோக்கிப் பந்தை எறியும் உரிமை இருவருக்கு மட்டுமே. அவர்களும் 16 அடி ஆரையுடைய அரைவட்டத்தினுள் நின்றே எறிதல் வேண்டும். வளையமோ தரையிலிருந்து 10 அடி உயரத்திலே உள்ளது. கூடைப்பந்தாட்டத்திலே போன்று பின்னால் பலகை இல்லை. எனவே பட்டுத் தெறித்துப் பந்து உள்ளே விழும் என்று எதிர்பார்க்க முடியாது. பந்தைக் கையிலே வைத்திருக்கக் கூடிய நேரம் 3 விநாடிகள் மட்டுமே. பந்தை வைத்திருப்பவரைத் தடுப்பவர் 4 அடி விலகி நின்றே தடுக்கலாம்.

இவ்விதிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். நன்கு உயர்ந்த ஒருவர் வளையத்தின் அடியிலே கால் ஊன்றி நின்று கையை நீட்டினால், மற்றவர் எவருக்கும் எட்டாத உயரத்திலே பந்தைப் பெற்றுக்கொள்வார். பெற்ற பின்போ தடுப்பவர் விலகி நிற்கவேண்டும். பிறகு வேண்டுவது பதறாத கையும் பிசகாத கண்ணுமே.

ஆனால் உயரம் மட்டும் போதுமாயின், உயர்ந்தோர் அனைவரும் வீரராகிவிடுவர். துள்ளியெழுந்து பந்தைப் பிடித்து ஒற்றைக் காலிலே இறங்கும்போது, நெடிய உடலின் பாரமெல்லாம் முழங்காலிலும் கணுக்காலிலுமே விழும். எதிரணியினர் இருவர் சேர்ந்து முன்னும் பின்னுமாக நின்று இடத்தை மறிப்பர். அவர்களிடையே கால் பிசகாமல் இடம் பிடித்து, 60 நிமிட ஆட்டம் முழுவதும் குறி தவறாது எறிதல் ஆண்டுக்கணக்கான பயிற்சியாலன்றிக் கைகூடாது. உயரத்தை இயற்கை தந்தது; இருபது ஆண்டுகளாகக் குறி தவறாத கையை அவரே தேடிக்கொண்டார்.

ஊதியம் தரும் களம் இல்லாத நாட்டிலே

இலங்கையிலே வலைப்பந்தாட்டத்தை மட்டும் நம்பி வாழ்க்கை நடத்தக்கூடிய தொழில்முறை லீக் இல்லை. சிறந்த வீராங்கனைகள் வங்கிகளிலோ, வர்த்தக நிறுவனங்களிலோ, படைகளிலோ பணிபுரிந்து அவற்றின் அணிகளுக்காக ஆடுவர். தர்ஜினியும் வங்கி அணியொன்றிலே ஆடியவரே. பின்னர் அவருடைய திறமை கடல் கடந்து சென்றது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் என்னும் கழகம், விக்ரோரிய மாநில லீக்கிலே ஆட அவரை அழைத்துக்கொண்டது. வலைப்பந்தாட்டத்திலே உலகின் முன்னணி நாடு அவுஸ்திரேலியா. அங்குள்ள கழகமொன்று நம் தீவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடி அழைத்தது சிறிய செய்தியன்று.

2009 ஆம் ஆண்டு ஆசியச் சம்பியன் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்திலே இலங்கை அணி சிங்கப்பூரை 77 க்கு 48 என்ற கணக்கிலே வென்றது. தர்ஜினி அவ்வணியின் தூணாக நின்றார். அப்போது அவருக்கு 30 வயது.

அவ்வாண்டு வன்னி மக்களுக்கு எத்தகைய ஆண்டு என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மே மாதத்திலே போர் முடிவுற்றது. உயிர் தப்பிய குடும்பங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே முட்கம்பி வேலிக்குள்ளே கூடாரங்களில் இருந்தன. அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான். கிண்ணம் வென்ற செய்தி அங்கே எத்தனை பேர் காதிலே விழுந்திருக்கும்? விழுந்திருப்பினும், மகிழ்வதற்கு எவருக்கு மனம் இருந்திருக்கும்? ஊர் திரும்பிய பிள்ளைகள் கூரையிழந்த பாடசாலைகளைக் கண்டனர். மிதிவெடி அகற்றும் வரை மைதானங்கள் சிலவற்றிலே கால் வைக்கவும் முடியவில்லை. அன்று 14 வயதாயிருந்த வன்னிச் சிறுமி ஒருத்தி, தன் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய ஆண்டுகளையே இழந்தாள். இவ்விழப்பை எந்தக் கணக்கிலே எழுதுவது?

அடுத்த ஆசியக் கிண்ணத்தை இலங்கை வெல்வதற்கு 9 ஆண்டுகள் ஆயின. 2018 செப்டெம்பரிலே சிங்கப்பூரிலே நடைபெற்ற போட்டியிலே ஓர் ஆட்டத்திலேனும் தோற்காமல் வந்த இலங்கை, இறுதியிலே சிங்கப்பூரை 69 க்கு 50 என வென்றது. தர்ஜினிக்கு அப்போது 39 வயது. தம்மைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையோருடன் சேர்ந்து அவர் ஆடினார்.

உயரமும் தனிமையும்

2019 ஆம் ஆண்டு யூலையிலே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. நியூசிலாந்து, அவுஸ்திரேலியாவை 52 க்கு 51 என ஒரேயொரு கோல் வித்தியாசத்திலே வென்று கிண்ணத்தைப் பெற்றது. ஆனால் அப்போட்டித்தொடரிலே மிகக் கூடிய கோல்களை எறிந்தவர் நியூசிலாந்தவருமல்லர், அவுஸ்திரேலியருமல்லர். முந்நூறுக்கு மேற்பட்ட கோல்களுடன் அனைவருக்கும் முன்னே நின்றவர் ஈவினையின் தர்ஜினி சிவலிங்கம்!

இச்செய்தியைப் படித்து நாம் பெருமிதம் கொண்டோம். கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் மாணவர்கள் சிந்தித்தல் நன்று. அதே தொடரிலே, 16 நாடுகளுள் இலங்கை பெற்ற இடம் பதினைந்தாவது. உலகிலேயே அதிக கோல் எறிந்தவரைக் கொண்ட அணி, கடைசிக்கு முந்திய இடத்திலே நின்றது.

காரணம் தெளிவானது. எறிபவர் எத்துணை வல்லவராயினும், நடுக்களத்திலே ஓடிப் பந்தைக் கொணர்ந்து கொடுப்பவர் வேண்டும். எதிரியின் பந்தை இடைமறிப்பவர் வேண்டும். களைத்தவருக்குப் பதிலாக இறங்கச் சமவல்லமையுடையோர் வேண்டும். அவர்களை ஆண்டு முழுவதும் உரசிப் பார்க்கும் லீக் வேண்டும். இயற்கை ஒரு நாட்டுக்கு ஒரு தர்ஜினியைத் தரும்; மற்றை ஆறு பேரை நாட்டு மக்களே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

நெருக்கடியின் நடுவே

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையிலே நின்ற ஆண்டு அது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி, ஒரே நாளிலே இரு கிண்ணங்கள் இலங்கைக்குக் கிடைத்தன. துபாயிலே ஆடவர் துடுப்பாட்ட அணி, பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. சிங்கப்பூரிலே வலைப்பந்தாட்ட அணி, சிங்கப்பூரை 63 க்கு 53 என வென்று ஆசியக் கிண்ணத்தைத் தக்கவைத்தது. வலைப்பந்தாட்டத்திலே இலங்கை பெற்ற ஆறாவது ஆசியக் கிண்ணம் அது. 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளிலே பெற்றவை முன்னைய மூன்று. பின்னைய மூன்றிலும் தர்ஜினியின் கை உண்டு. அப்போது அவர் வயது 43.

அடுத்த ஆண்டு, 2023 இலே, தென்னாபிரிக்காவின் கேப்டவுண் நகரிலே உலகக் கிண்ணம் நடைபெற்றது. ஆபிரிக்கக் கண்டத்திலே அக்கிண்ணத்திற்கான போட்டி நடந்தது அதுவே முதல்முறை. 44 வயதிலே தர்ஜினி அங்கும் களமிறங்கினார். மெனிக் பாமிலே 14 வயதாயிருந்த அச்சிறுமிக்கு அப்போது 28 வயது. அவள் ஆட்டத்தை விட்டுப் பத்து ஆண்டுகளாயிருக்கும். அவளைவிட 16 வயது மூத்தவர் உலகக் கிண்ணத்திலே ஆடிக்கொண்டிருந்தார்.

வன்னியிலே படி எங்கே முடிகின்றது?

நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவா? இல்லை. கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் எனப் பாடசாலைப் போட்டிகள் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. அதிகாலையிலே பயிற்சிக்கு வந்து, பாடம் முடிந்ததும் மீண்டும் களத்திலே நிற்கும் பிள்ளைகள் துணுக்காயிலும் உண்டு; புதுக்குடியிருப்பிலும் உண்டு; நெடுங்கேணியிலும் உண்டு. ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மறுநாள், அந்தப் படிக்கட்டு அப்படியே அறுந்துவிடுகின்றது. பத்தொன்பது வயதிலே பட்டியைக் கழற்றி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண், அதன்பின் பந்தைத் தொடுவது பழைய மாணவர் விழாவிலேதான்.

தடைகள் பல. ஊர்தோறும் விளையாட்டுக் கழகம் உண்டு. ஆனால் அங்கு நடப்பது பெரும்பாலும் ஆடவரின் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமுமே. மாலைப் பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து இராது. "வயது வந்த பெண் இனியும் குட்டைப் பாவாடையுடன் துள்ளுவதா?" என்ற பேச்சு வரும். வேலை வரும், திருமணம் வரும். கொழும்பின் களங்களோ கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால்.

இத்தடைகளை ஒரே நாளிலே நீக்கிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் கைக்கெட்டிய சிலவற்றைச் செய்யலாம். கொழும்பிலே வங்கிகளும் நிறுவனங்களும் பெண்கள் அணிகளை வைத்திருப்பது போன்று, நம் பெண்கள் நூற்றுக்கணக்கிலே பணிபுரியும் ஆடைத் தொழிற்சாலைகளும் வைத்தியசாலைகளும் கச்சேரிகளும் அணிகளை அமைத்தால் என்ன? ஊர்க் கழகங்கள், ஆண்டுவிழாப் போட்டிகளிலே பெண்களுக்கும் ஒரு கிண்ணம் வைத்தால் என்ன? வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் உள்ளன. பல்கலைக்கழக வாழ்வின் வழியே தேசிய அணியை அடைந்தவர் தர்ஜினி என்பதை இங்கு கற்கும் மாணவியர் நினைத்தல் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாற்பது வயது வரை ஆடும் பெண் கிண்ணம் வென்றேயாக வேண்டும் என்பதில்லை. வாரத்திலே இரு மாலைப்பொழுது தோழியருடன் ஓடியாடும் தாயின் உடலும் உள்ளமும் நலமாயிருக்கும். அவள் பிள்ளையும் அதனைப் பார்த்துப் பழகும். தம் மைந்தருடன் ஒரே அணியிலே நின்ற கோர்டி ஹவ்வின் கதை நமக்கு இனிக்கின்றதன்றோ? மகளுடன் ஒரே களத்திலே நிற்கும் ஒரு தாயை வன்னியிலே காண நாம் ஏன் ஆசைப்படலாகாது?

மாணவியருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வரிசையின் கடைசியிலே, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு நெடிய தோழி நிற்கக்கூடும். அவளுக்கு நீங்கள் ஒரு கேலிப்பெயரும் வைத்திருக்கக்கூடும். இன்று மாலை அப்பெயரை விட்டு, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். வளையத்தின் அடியிலே கொண்டுபோய் நிறுத்துங்கள். கையை நீட்டச் சொல்லி, உயரமாக ஒரு பந்தை எறிந்து கொடுங்கள்.

அவள் நிமிர்ந்துதான் அதனைப் பிடிக்க வேண்டியிருக்கும்.